காத்தோட்டமான ஒரு ஜாக்கெட்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம், நான் தைத்த ஜாக்கெட்டுக்குள் முதல் முறையாக ஒரு பெண் நுழைந்தாள்.

நுழைந்தாள் என்றா சொன்னேன்? குடியேறினாள் என்று சொல்ல வேண்டும். கூட இன்னொருத்தி வந்திருந்தாலும் உள்ளே தாராளமாக இடம் இருந்திருக்கும். தோள் இரண்டும் முழங்கையை நோக்கி வழிந்தன. இடுப்புப் பக்கம் துணி குடை மாதிரி விரிந்து நின்றது.

அவள் கண்ணாடியில் தன்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு என்னை ஒரு முறை பார்த்தாள்.

"நல்லா இருக்கு மிஸ்ஸி," என்றாள். "காத்தோட்டமா இருக்கு."

முப்பத்தொரு வருஷம் தோட்டத்து மருத்துவச்சியாக வேலை பார்த்தவள் நான். எத்தனையோ இக்கட்டில் கை நடுங்காமல் நின்றிருக்கிறேன். அன்றைக்கு உட்கார ஒரு நாற்காலி தேடினேன். மறுநாள் மத்தியானம் இரண்டு மணி பஸ்ஸில் அந்த ஜாக்கெட் கொழும்புக்குப் போயாக வேண்டும். ஜாக்கெட் போகாவிட்டால் அவளும் போகமாட்டாள். அவள் போகாவிட்டால்... இருங்கள், ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

கோபம் வந்தால் மனிதர்கள் என்னென்னவோ செய்வார்கள். சிலர் தட்டை உடைப்பார்கள். சிலர் பேச்சை நிறுத்துவார்கள். நான் தையல் மெஷின் வாங்கினேன்.

டவுனில் நான் வழக்கமாகத் துணி கொடுக்கும் தையல்காரர் ஐந்து வாரமாக "நாளைக்கு வாங்க மிஸ்ஸி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஆறாவது வாரம் போனால், என் துணி கத்தரிக்கோலைக் கண்ணால்கூடக் காணாமல், நான் கொடுத்த பையிலேயே சுருண்டு கிடந்தது. "இனி உங்க வாசப்படிய மிதிச்சா என் பேரு மிஸ்ஸி இல்ல" என்று சொல்லிவிட்டு, அதே வேகத்தில் எதிர்க் கடைக்குள் நுழைந்து ஒரு மெஷினை வாங்கி, த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். உண்மையில் என் பெயர் மிஸ்ஸி இல்லைதான். தோட்டத்தில் மருத்துவச்சியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் ரிட்டையர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. அந்தப் பெயர் இன்னும் ரிட்டையர் ஆகவில்லை.

மெஷின் வெள்ளை நிறம். கரண்டில் ஓடுவது. காலுக்குக் கீழே ஒரு பெடல். நெற்றியில் ஒரு திருகு, அதைச் சுற்றி இருபது விதமான தையல்களின் படம். கூட வந்த புத்தகத்தில் சீனமும் இங்கிலீஷும் இருந்தன. எனக்கு எது புரியவில்லையோ, அந்தப் பக்கம் மட்டும் சீனத்தில் இருந்தது.

யூடியூப்பில் சிங்களத்தில் தையல் சொல்லிக்கொடுக்கும் ஒரு அக்காவைப் பிடித்தேன். நல்ல மனுஷி. எதற்கெடுத்தாலும் "ஹெமின்... ஹெமின்..." என்பார், மெதுவாக, மெதுவாக என்று. எனக்குக் கேட்டது. மெஷினுக்கும் கேட்க வேண்டுமே? பெடலில் நான் கால் வைத்த மாத்திரத்தில் அது றக்வான இறக்கத்தில் பிரேக் போன பஸ் போலப் பாய்ந்தது.

முதல் வேலை தலையணை உறை. நேராக, அழகாக, நான்கு பக்கமும் தைத்து முடித்தேன். ஆமாம்... நான்கு பக்கமும். என் வீட்டுக்காரர் பக்கத்துத் தோட்டத்து ஃபெக்டரியில் டீமேக்கராக இருந்து ரிட்டையர் ஆனவர். தேயிலையில் உள்ள குற்றத்தை மூக்காலேயே கண்டுபிடிப்பவர். அந்த உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குள்ள தலகாணிய எப்படி ஏத்துறது? ஊசி மருந்து மாதிரியா?" என்றார்.

இரண்டாவது, சமையலறை ஜன்னலுக்கு ஒரு திரை. மேலே பார்த்தால் தையல் மாதிரி இருந்தது. கீழே பார்த்தால் நூல் குருவிக்கூடு கட்டியிருந்தது. கீழ்நூல் சுற்றுகிற பொபினைத் தலைகீழாகப் போட்டிருக்கிறேன் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை நாள் ஆனது. அந்த ஒன்றரை நாளும் நான் மெஷினைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அறுபது வயதில் புதிதாக ஒன்றைக் கற்கும்போது, நம்முடைய இத்தனை வருஷ அனுபவமும் கூட வந்து கைகொடுக்கும் என்று நினைக்கிறோம். எங்கே? அது ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது. சில சமயம் குறுக்கே வந்தும் விழுகிறது — அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவதாக வந்ததுதான் புஷ்பத்தின் படங்கு. கொழுந்து எடுக்கிற பெண்கள், தேயிலைச் செடியின் குச்சி வயிற்றைக் கீறாமல் இருக்க இடுப்பில் சுற்றிக் கட்டுகிற தடித்த துணி. மெஷின் சத்தம் கேட்டு, வேலை முடிந்து லயத்து வரிசை வீட்டுக்கு இறங்கும் வழியில் புஷ்பம் என் வாசலில் நின்றாள்.

"இந்தக் கிழிசல மட்டும் ஓட்டித் தரீங்களா மிஸ்ஸி?"

முதல் வாடிக்கையாளர். உற்சாகமாக வாங்கி, ஊசிக்குக் கீழே திணித்து, பெடலை மிதித்தேன். டக். ஊசியின் பாதி மெஷினில் நின்றது. மீதிப் பாதி ஜன்னல் பக்கம் பறந்தது.

புஷ்பம் படங்கை மெல்ல உருவி எடுத்துக்கொண்டாள். "நா கையிலயே தச்சுக்கிறேன் மிஸ்ஸி. மெஷினு பாவம்."

அதே புஷ்பம்தான் மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை விடிகாலையில், பட்டுச் சாரியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். சொல்லுங்கள், தைரியம் யாருக்கு அதிகம்?

புஷ்பத்துக்கு நாற்பத்தேழு வயது. கணவர் இறந்து பன்னிரண்டு வருஷம். ஒரே மகள், தர்ஷினி. ஒரே அறையுள்ள லயத்துக் காம்பராவில் படித்து, பல்கலைக்கழகம் போய், அந்த வாரம் வியாழக்கிழமை கொழும்பில் பட்டம் வாங்க இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்து அம்மாவிடம் ஒரு அரக்குக் கலர் பட்டுச் சாரியையும், மண்டபத்துக்குள் போக இரண்டு அழைப்பு அட்டைகளையும் கொடுத்துவிட்டு, ஒத்திகைக்கு நேரமாகிறது என்று அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாள். ஒரு அட்டை அம்மாவுக்கு. மற்றது தாய்மாமனுக்கு, அதாவது புஷ்பத்தின் அண்ணனுக்கு.

சாரி இருக்கிறது. அட்டை இருக்கிறது. ஜாக்கெட் இல்லை.

"அண்ணன் டவுன்ல எல்லா எடத்துலயும் போன் போட்டுக் கேட்டுச்சு மிஸ்ஸி. தீவாளி முடியாம யாரும் துணியே வாங்க மாட்டாங்களாம்," என்றாள் புஷ்பம்.

அதுவரைக்கும் சரி. அடுத்து ஒன்று சொன்னாள்.

"கை மட்டும் நீளமா வையுங்க மிஸ்ஸி. மணிக்கட்டு வரைக்கும்."

"பட்டுச் சாரிக்கு எவ மணிக்கட்டு வரைக்கும் கை வைப்பா?"

கையைச் சாரித் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். எனக்கு அந்தக் கையைத் தெரியும். இருபத்தொன்பது வருஷம் கொழுந்து எடுத்த கை. விரல் வெடிப்புகளில் தேயிலைக் கறை இறங்கிக் கறுத்துப்போயிருக்கும். தேசிக்காய்ப் புளியை வைத்துத் தேய்த்தாலும் போகாது. முழங்கைக்குக் கீழே செடி கீறிய கோடுகள், புதிதும் பழையதுமாக.

"தர்ஷினியோட படிச்ச புள்ளைங்களோட அம்மாமாரெல்லாம் வருவாங்க," என்றாள். "டீச்சர்மாரு, ஆபீஸ்ல உள்ளவங்க..."

"வரட்டுமே. அதுக்கு?"

"அதுக்கில்ல மிஸ்ஸி. முடியாட்டி வுட்டுருங்க. அண்ணனும் அண்ணியும் போகட்டும். அண்ணிக்கு எல்லாம் தயாரா இருக்கு. நா அவங்க வந்தப்புறம் போன்ல படம் பாத்துக்கிறேன்."

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் என்ன செய்வேன் என்றுதான் உங்களுக்குத் தெரியுமே.

"தர்ஷினிய நீ பெத்தப்ப பக்கத்துல நின்னது நானு," என்றேன். "அன்னைக்கி அங்க உன் அண்ணியக் கண்ட ஞாபகம் எனக்கில்ல. ஜாக்கெட்ட நா தைக்கிறேன். நீ போற."

அவள் சிரித்துவிட்டாள். சாரியை என் கையில் வைத்துவிட்டு, காலைப் பிரட்டில் பேர் கொடுக்க நேரமாகிறது என்று ஓடினாள். அவள் வளைவில் மறைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் இதுவரை தைத்தது, திறப்பே இல்லாத ஒரு தலையணை உறை.

அளவெடுக்க அவள் சாயங்காலம் வருவதாகத்தான் இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. இன்றைக்கு வெட்டினால்தானே நாளைக்குத் தைக்கலாம்? மத்தியானம் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, நேராக மடுவத்துக்குப் போனேன். கொழுந்து நிறுக்கிற கொட்டகை. சரியான மழை. பெண்கள் எல்லோரும் கூடையோடு வரிசையில் நின்றார்கள்.

புஷ்பத்தை ஒரு ஓரமாக இழுத்து, டேப்பைச் சுற்றினேன். கங்காணி பார்த்துவிட்டார்.

"என்ன மிஸ்ஸியம்மா, ரிட்டையர் ஆகியும் அளக்குறது நிக்கலயா?"

வரிசையில் ஒரு சலசலப்பு. முப்பத்தொரு வருஷம் நான் டேப்போடு வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒருத்தி புஷ்பத்தின் காதருகில் குனிந்தாள். "என்னடி, விசேஷமா?"

"சும்மா இருங்கடி. ஜாக்கெட்டுக்கு," என்றாள் புஷ்பம்.

"ஜாக்கெட்டுக்கா? யாரு, மிஸ்ஸியா தைக்கப் போறாங்க?"

அதன்பிறகு ஒருத்தரும் பேசவில்லை. விசேஷமா என்று கேட்டதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்த மௌனத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து, சாரியின் முனையில் இருந்த ஜாக்கெட் துண்டை வெட்டி எடுத்து மேசையில் விரித்தேன். முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் கூட. இதைப் போல இன்னொரு துண்டு உலகத்தில் எங்கேயும் கிடையாது. பிழை விட்டால் விட்டதுதான். பேப்பரில் வரைந்து, வெட்டி, துணிமேல் வைத்து, சோக்கால் கோடு போட்டு... கத்தரிக்கோலை எடுத்தேன். சாமி படத்தைப் பார்த்தேன். சாமி என்னைப் பார்க்காத மாதிரி இருந்தது. வெட்டினேன். எப்படி எப்படியோ திருப்பி வைத்ததில், கைக்கு முழங்கையைத் தாண்டி இரண்டு அங்குலம் கிடைத்தது. மணிக்கட்டு வரைக்கும் கனவிலும் வராது.

செவ்வாய்க்கிழமை காலையில் தைக்க உட்கார்ந்தேன். பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. மழையில் எங்கேயோ மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டதாம். இன்றைக்குள் வருமா என்று கேட்டால், பார்க்கலாம் என்றார்கள். நம் ஊரில் பார்க்கலாம் என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கரண்ட் மெஷின் கரண்ட் இல்லாமல் வெறும் பொம்மை. அழாத குறையாக உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் வந்து பக்கவாட்டில் இருந்த சக்கரத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார். ஊசி ஒரு முறை இறங்கி ஏறியது.

"கையால சுத்தினா ஓடுது," என்றார். "நீ துணியப் புடி."

இப்படியாக ஒரு கிழவர் சக்கரம் சுற்ற, ஒரு கிழவி துணி பிடிக்க, அந்த ஜாக்கெட் உருவானது. ஃபெக்டரியில் ரோலர் ஓட்டிய மனுஷர் அல்லவா, ஒரே சீராகச் சுற்றினார். யூடியூப் அக்கா சொன்ன ஹெமின் ஹெமின் அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் நடந்தது. கல்யாணம் ஆகி முப்பத்தாறு வருஷத்தில், மூன்று மணி நேரம் நாங்கள் இருவரும் சண்டை போடாமல் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கொக்கிகளைக் கையால் வைத்தேன். நாலரை மணிக்கு முடிந்தது. தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஜாக்கெட் போலவே இருந்தது.

ஐந்து மணிக்குப் புஷ்பம் வந்தாள். பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். காத்தோட்டம்.

எங்கே பிழை விட்டேன்? அவள் கழற்றும்போதுதான் புரிந்தது. மடுவத்தில் அவள் எப்படி நின்றாள்? உள்ளே ஒரு ஜாக்கெட், அதற்கு மேல் சாரி, அதற்கு மேல் மழைக்கும் குச்சிக்கும் ஆம்பிளைகளின் முழுக்கைச் சட்டை, இடுப்பில் படங்கு. அத்தனைக்கும் மேலாக நான் டேப்பைச் சுற்றியிருக்கிறேன். அது போதாதென்று என் தொழில் புத்தி வேறு. முப்பத்தொரு வருஷம் நான் அளந்தது வளர்கிற வயிறுகளை. எதை அளந்தாலும் கொஞ்சம் கூட்டிப் பிடிப்பது என் விரலில் ஊறிப்போன பழக்கம். புஷ்பம் வளரப் போவதில்லை என்பதை என் விரலுக்கு யார் சொல்வது?

புஷ்பம் ஜாக்கெட்டை நான்காக மடித்து மேசையில் வைத்தாள்.

"வுடுங்க மிஸ்ஸி. நீங்க கஷ்டப்பட்டதே போதும். அண்ணி போகட்டும்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் ஏமாற்றம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நிம்மதி இருந்தது. போகாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்துவிட்ட நிம்மதி. அந்தக் காரணத்தை என் கையாலேயே தைத்துக் கொடுத்திருக்கிறேன். அவமானமாக இருந்தது எனக்கு. மகள் மேடையில் ஏறும்போது இவள் லயத்து வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள், எல்லாம் என்னால்தான்.

"நாளைக்குப் பதினொரு மணிக்கு வா," என்றேன். "அண்ணிக்குப் போன் கீன் போட்டே... நா உன்கூடப் பேச மாட்டேன்."

புதன்கிழமை காலை ஆறரைக்கெல்லாம் உட்கார்ந்துவிட்டேன். புண்ணியவான்கள் கரண்டையும் கொடுத்துவிட்டார்கள். பக்கத் தையல்களைச் சின்ன முள்ளால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். யூடியூப் அக்கா ஒரு நல்ல விஷயம் சொன்னார். சின்னதாகத் தைத்துவிட்டால் அழத்தான் வேண்டும், பெரிதாகத் தைத்துவிட்டால் சிரித்துக்கொண்டே பிடிக்கலாமாம். உள்ளே மடித்துவிட்டால் துணியும் போகாது. இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே சீராக வந்தது. எவ்வளவு பெரிய ஆறுதல் பாருங்கள். என் வாழ்க்கையில் முதல் முறையாக, கூட்டிப் பிடிக்கிற பழக்கத்துக்கு நன்றி சொன்னேன்.

நேற்றுப் பட்ட சூட்டில், இந்த முறை ஒரு நூல் இடம் விடவில்லை. முதல் நாள் ராத்திரியே வீட்டுக்காரரை அனுப்பி, புஷ்பத்தின் பழைய ஜாக்கெட் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். அதை அருகில் வைத்து, பக்கத்தைப் பிடித்தேன், தோளைப் பிடித்தேன், கைக்குழியைப் பிடித்தேன். இனி யாராவது காத்தோட்டம் என்று சொல்லட்டும் பார்க்கலாம்.

பதினொரு மணிக்குப் போட்டுப் பார்த்தாள். என்ன சொல்ல... அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. தோள் தோளில் நின்றது. முதுகில் ஒரு சுருக்கம் இல்லை. சாரியையும் கட்டிவிட்டேன். நான் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவள் எப்போதும் என் முன்னால் நிற்கிற மாதிரியே நின்றாள். காலைச் சேர்த்து, இரண்டு கையையும் உடம்போடு ஒட்டி, முன்னால் ஒன்றின் மேல் ஒன்றை வைத்துக்கொண்டு.

"புடிச்சிருக்கா?"

"புடிச்சிருக்கு மிஸ்ஸி."

"எங்கயாச்சும் இறுக்கிப் புடிக்குதா?"

"இல்ல மிஸ்ஸி. சரியா இருக்கு."

கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கண் கீழே இறங்கி, சட்டைக்கை முடிகிற இடத்தில் நின்றது. தலைப்பை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன். எல்லாவற்றையும் தைத்துக் கொடுக்க முடியுமா என்ன?

ஜாக்கெட்டையும் சாரியையும் ஒரு பையில் மடித்து வைத்துக்கொண்டு, இரண்டு மணி பஸ்ஸில் அண்ணனோடு ஏறினாள். கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, காலையில் மண்டபத்துக்குப் போவதாக ஏற்பாடு. பஸ் வளைவில் திரும்பும் வரை கேட்டிலேயே நின்றேன். எங்கே நடுவழியில் இறங்கி வந்துவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

வியாழக்கிழமை எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கொக்கி தெறித்தால்? தையல் விட்டுப்போனால்? அத்தனை டீச்சர்மார் நடுவில்... என் கையால் தைத்ததை நம்பி ஒரு பெண் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். உள்ளுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"ஆஸ்பத்திரி வாசல்ல புள்ளயோட அப்பன் நடக்கிற மாதிரி நடக்கிற," என்றார் வீட்டுக்காரர்.

ஒரு மணி வாக்கில் போனில் ஒரு படம் வந்தது. தர்ஷினி அனுப்பியது. கறுப்பு அங்கியில், கையில் சுருளோடு, முகம் முழுக்கச் சிரிப்பாக அவள். ஒரு பக்கம் மாமா. மறு பக்கம் புஷ்பம். எனக்கு முதலில் சந்தோஷம்தான். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

புஷ்பம் சாரித் தலைப்பை இரண்டு தோளையும் சுற்றி, மணிக்கட்டு வரைக்கும் இழுத்துப் போர்த்தியிருந்தாள். கொழும்பு வெயிலில், குளிர்காய்ச்சல்காரி மாதிரி. ஜாக்கெட்டில் ஒரு விரற்கடைகூட வெளியே தெரியவில்லை. கையும் தெரியவில்லை.

போனை வைத்துவிட்டேன். மனசு விழுந்துபோனது. அவள் வேண்டாம் வேண்டாம் என்றுதானே சொன்னாள்? நான்தான் கேட்காமல் துரத்தினேன். ஒரு நாள் முழுக்க அந்த மண்டபத்தில் கூனிக் குறுகி, கையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் நாம் செய்கிற கெடுதல்களுக்கு அளவே கிடையாது. மத்தியானச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் தட்டை மூடி வைத்தார்.

நாலு மணிக்குப் போன் அடித்தது. மகளுடைய போனிலிருந்து புஷ்பம்.

"மிஸ்ஸி, கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"ஜாக்கெட்டு பிரிஞ்சிருச்சு."

"எத்தன மணிக்கு?" என்றேன். பழக்கதோஷம். முப்பத்தொரு வருஷம் பிரசவ வலி என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்ட கேள்வி அதுதான்.

"மணியெல்லாம் பாக்கல மிஸ்ஸி. புள்ள பேரச் சொன்னப்ப."

"எங்க பிரிஞ்சுச்சு?"

"கக்கத்துல. ரெண்டு பக்கமும்." பின்னால் பஸ் ஹாரன் சத்தம் கேட்டது. "அங்க எல்லாரும் உட்கார்ந்துக்கிட்டேதான் கை தட்டினாங்க மிஸ்ஸி. ஒவ்வொரு புள்ளைக்கும் ரெண்டு தட்டு, அவ்வளவுதான். நம்ம புள்ள பேரச் சொன்னதும் நா எந்திரிச்சிட்டேன். எப்படி எந்திரிச்சேன்னே தெரியல. கைய மேல தூக்கித் தட்டினேன். டர்ருன்னு ஒரு பக்கம் போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் மத்தப் பக்கமும் போச்சு."

"நிறுத்தலயா நீ?"

"எப்படி மிஸ்ஸி நிறுத்துறது? புள்ள இன்னும் மேடையிலதானே நிக்குது."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அண்ணந்தான் உட்காரு உட்காருன்னு சாரியப் புடிச்சு இழுத்துச்சு," என்றாள். "அப்புறம் அதுவே தலப்ப இழுத்துப் போத்திவிட்டுச்சு. படத்துல கெழவி மாதிரி இருக்கேன்னு தர்ஷினி சிரிக்குது."

கேட்டிருக்கக் கூடாது. ஆனாலும் கேட்டுவிட்டேன். "கைய யாராச்சும் பாத்தாங்களா புஷ்பம்?"

"எந்தக் கைய?" என்றாள். பிறகுதான் அவளுக்கு விளங்கியது. "தெரியல மிஸ்ஸி. பாத்திருப்பாங்க. நா அவங்கள எங்க பாத்தேன், மேடையத்தானே பாத்துக்கிட்டிருந்தேன்."

போனை வைத்த பிறகு வெகு நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். கண்ணையும் துடைத்துக்கொண்டேன். என்ன என்று கேட்ட வீட்டுக்காரரிடம், ஜாக்கெட் கிழிந்துவிட்டது என்றேன். கிழிந்ததற்கா இவ்வளவு சந்தோஷம் என்று அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தட்டில் மூடி வைத்திருந்த சோற்றைக் கொண்டுவந்து உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டே யோசித்தேன். இந்த இரண்டாவது தவறு எப்படி நடந்தது? புதன்கிழமை நான் அவளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேனே... தோளைப் பார்த்தேன், முதுகைப் பார்த்தேன். கையைத் தூக்கிக் காட்டு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் தூக்கவில்லை. கணக்கப்பிள்ளை முன்னாலும், ஆபீஸ் கிளாக்கர் முன்னாலும், டிஸ்பென்சரியில் என் முன்னாலும் அவள் அப்படித்தான் நின்றிருக்கிறாள். தினமும் காலை முதல் மாலை வரை மலையில் கையை வீசி வேலை செய்கிறவள்தான். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் வந்தால் கை தானாகக் கட்டிக்கொள்ளும். நானும் முப்பத்தொரு வருஷம் அதைப் பார்த்துப் பார்த்து, அதுதான் அவளுடைய அளவு என்று நினைத்துவிட்டேன். கைகட்டி நிற்கிற ஒருத்திக்கு அது கச்சிதமான ஜாக்கெட்தான். அந்த மண்டபத்தில் எழுந்து நின்றவளுக்குத்தான் அது போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜாக்கெட்டைக் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். கவலையில்லை. உள்ளே மடித்துவிட்ட துணி இரண்டு பக்கமும் நிறையவே இருக்கிறது, தாராளமாகத் தளர்த்தலாம்.

இந்த முறை டேப்பைத் தொடுவதற்கு முன்னால் ஒன்று சொல்லப்போகிறேன் — "கையத் தூக்கு புஷ்பம். இன்னும் மேல."